நண்டு வலையில் பச்சை விளக்குக் கட்டியும் ஆமை படுவது பற்றி

ஆமை வலையைக் கண்டு விலகட்டும் என்று பச்சை விளக்குக் கட்டியும் ஏன் ஆமை படுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வலையின் மேல் கயிற்றில் 10 மீற்றருக்கு ஒரு விளக்காக நெருக்கிக் கட்டுங்கள். விடியுமுன் வலையை ஏற்றுங்கள். ஊர்காவற்றுறைப் பக்கம் கடலடியில் விடும் நண்டு வலைக்கு, இரு நுனியிலும் நடுவிலும் மட்டும் விளக்குக் கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் செச்சுரா விரிகுடாவில் அடிவலைகளில் 10 மீற்றர் இடைவெளியில் கட்டிப் பார்த்தபோதுதான் பச்சை ஆமை படுவது ஏறத்தாழ 64 சதவீதம் குறைந்தது, மீன்பாடு குறையவில்லை. 2016இல் வெளியான ஆய்வு அது.

ஆனால் பெரிய காரணம் நேரம் என்றே நினைக்கிறேன். காலை ஒன்பது மணிவரை வலை கிடக்கிறது என்கிறீர்கள். வெயில் ஏறியபின் விளக்கு ஆமையின் கண்ணில் எடுபடாது. நம் கடலின் கடற்புல் தரைகளுக்குப் பச்சை ஆமை மேய வரும் என்பதால், அந்நேரம் கிடக்கும் வலையில் படக்கூடும்.

இப்படிச் சோதியுங்கள்:

1. ஆமை விளக்கருகே பட்டதா, இருட்டுப் பகுதியிலா? இருட்டுப் பகுதியிலென்றால் விளக்குகளின் இடைவெளி காரணமாக இருக்கலாம்.
2. ஏற்றும்போது துடுப்பை வீசித் துடிக்கிறதா? அப்படியானால் பட்டு வெகுநேரமாகவில்லை, விடிந்தபின் பட்டிருக்கக்கூடும்.

பெருவில் பிடித்தது மீன், நண்டல்ல. ஆகவே முதலில் பாதி வலையில் மட்டும் கட்டி நண்டுப்பாட்டை ஒப்பிடுங்கள்.

அசையாத ஆமையைச் செத்ததென்று உடனே கடலில் எறிந்துவிடாதீர்கள், தயவுசெய்து. வயிறு கீழே இருக்கக் கிடத்தி, பின்பகுதியை ஒரு சாண் உயர்த்தி, நிழலில் ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள், மூக்கை மூடாதீர்கள். மூச்சுத் திரும்பப் பல மணிநேரம் ஆகலாம்.