மாணவர் ஒன்றியத் தேர்தலும் வாக்கெடுப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மாணவர் ஒன்றியத்தின் யாப்பைத் திருத்த எல்லா மாணவரிடமும் வாக்கெடுப்பு நடத்தப்போகிறோம். குறைந்தது 40 வீதமானோர் வாக்களித்தால்தான் முடிவு செல்லுபடியாகும் என்று விதி வைக்கலாமா?
– இரண்டாம் வருட மாணவன், வந்தாறுமூலை

பதில்: வைக்க வேண்டாம், தம்பி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வாக்கெடுப்பைக் கெடுப்பதே இந்த விதிதான்.

பட்டியலில் 3,000 பேர் என்று வைப்போம். அதில் 40 வீதம் 1,200. ‘ஆம்’ 1,000, ‘இல்லை’ 150 விழுந்தால் மொத்தம் 1,150தான், திருத்தம் தோற்றுவிடும். எதிர்ப்பவர்களில் இன்னும் 60 பேர் வந்து ‘இல்லை’ என்று போட்டிருந்தால் மொத்தம் 1,210 ஆகி, அதே திருத்தம் நிறைவேறியிருக்கும்! எதிர்ப்பவர் வந்தால் தோற்கிறார், விடுதியிலேயே இருந்தால் வெல்கிறார். இதைக் கணக்குப் பார்த்தவர்கள் ‘இல்லை என்று போடுங்கள்’ என்று கேட்கமாட்டார்கள், ‘போகவே வேண்டாம்’ என்பார்கள். அதற்குப் பிறகு வாக்களிக்க வரிசையில் நிற்பவர் எந்தப் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரகசிய வாக்கு என்பதற்கு அங்கே பொருளே இல்லை.

வந்தவர்களை எண்ணாமல் ‘ஆம்’ வாக்குகளை எண்ணும் விதியை வையுங்கள். இலங்கையின் அரசியலமைப்பே வழி காட்டுகிறது. 85ஆம் உறுப்புரையின்படி சர்வசன வாக்கெடுப்பில் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ‘ஆம்’ வேண்டும். அளிக்கப்பட்ட வாக்குகள் பதிவுசெய்த வாக்காளரில் மூன்றில் இரண்டைத் தாண்டாவிட்டால், அந்த ‘ஆம்’ வாக்குகள் பட்டியலிலுள்ள மொத்த வாக்காளரில் மூன்றிலொன்றாவது இருக்க வேண்டும். மூன்றில் இரண்டின் பாதி மூன்றிலொன்று என்பதால், வராமல் இருந்து தோற்கடிக்கும் தந்திரம் இங்கே எடுபடாது. உங்கள் 3,000 பேரில் 1,600 பேர் வந்து ‘ஆம்’ 900, ‘இல்லை’ 700 என்றால், 1,000 ‘ஆம்’ இல்லாததால் தோல்வி. ‘இல்லை’ என்போர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த 1,000 மாறாது. மூன்றிலொன்று கடினம் என்று நினைத்தால் நாலிலொன்று என்று வையுங்கள். ஆனால் திகதி அறிவிக்க முன்னர் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

வாசகத்திலும் கவனம் தேவை. ஒரு கேள்விக்குள் ஒரு விடயம்தான். ‘பதவிக்காலத்தை நீட்டவும் சந்தாவைக் கூட்டவும் உடன்படுகிறீர்களா?’ என்று கேட்டால், ஒன்றை விரும்பி மற்றதை விரும்பாதவர் என்ன செய்வார்? ‘நீக்கக்கூடாது என்பதை ஏற்கிறீர்களா?’ போன்ற வாசகமும் வேண்டாம். ‘இல்லை’ என்பதன் பொருளை எண்ணும் மேசையில் இருந்து வாதாட வேண்டிவரும். 1982 டிசம்பர் 22இல் நடந்த நாட்டின் சர்வசன வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்பதற்கு விளக்கும் ‘இல்லை’ என்பதற்குக் குடமும் சின்னங்களாக இருந்தன. பல்கலைக்கழகத்துக்குச் சின்னம் தேவையில்லை, இரண்டு சொற்களே போதும். சிங்கள மாணவரும் படிக்கும் இடமென்றால் சீட்டில் இரு மொழிகளிலும் கேள்வி இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பை இரு தரப்பும் முன்கூட்டியே வாசித்துக் கையெழுத்திடட்டும்.

கேள்வி: ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் உள்ள எங்கள் பீடங்களில் ஒரே நாளில் வாக்கெடுப்பு வைத்தால் பெட்டிகளை எங்கே எண்ணுவது? தகராறு வராமல் எப்படிப் பார்ப்பது?
– மாணவி, சம்மாந்துறை

பதில்: ஒரே இடத்தில், சீட்டுகளைக் கலந்த பிறகு எண்ணுங்கள், தங்கச்சி. சிறிய பீடத்தின் பெட்டியைத் தனியே எண்ணினால் யார் எப்படிப் போட்டார்கள் என்று ஊகித்துவிடுவார்கள்.

கலப்பதற்கு முன்னர் ஒவ்வொரு பெட்டிக்கும் சீட்டுக் கணக்கு முடிய வேண்டும். 800 சீட்டுக் கொடுத்து, 212 மிஞ்சி, பழுதாகி மாற்றிக்கொடுத்தது 6 என்றால் பெட்டியில் 582 இருக்க வேண்டும். 581 இருந்தால் ஒரு வெற்றுச்சீட்டு வெளியே போயிருக்கலாம். அதை வெளியில் ஒருவர் நிரப்பி அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தனக்குத் தந்த வெற்றுச்சீட்டைக் கொண்டுவந்து கொடுப்பார். விலைக்கு வாங்கிய வாக்கைச் சரிபார்க்கும் பழைய வழி இது. சீட்டைக் கொடுக்கும்போது பின்புறம் முத்திரை குத்துங்கள். மடித்த சீட்டின் முத்திரையைக் காட்டிவிட்டு அலுவலர் கண்முன்னே பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

இன்னொரு தகராறு வாக்காளர் பட்டியலில் வரும். பதிவு இன்னும் முடியாத முதலாம் வருடத்தவர், பரீட்சையை மறுபடி எழுதுபவர், படிப்பை இடைநிறுத்தியவர்: இந்த மூன்று பிரிவினருக்கும் வாக்கு உண்டா என்று விதியில் எழுதுங்கள். பீட அலுவலகத்தில் பட்டியலை வாங்கிப் பதிவிலக்கத்தோடு ஒரு வாரம் முன்னரே ஒட்டி ஆட்சேபம் கேளுங்கள். வாக்களிப்பு நாளன்று எந்தப் பெயரையும் சேர்க்க வேண்டாம், உபவேந்தரே சொன்னாலும்.

கேள்வி: தலைவர் பதவிக்கு ஒருவர்தான் மனுப் போட்டார். போட்டியின்றித் தெரிவு என்று அறிவிக்கலாமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: யாப்பு இடம் கொடுத்தால் அறிவிக்கலாம். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அப்போதும் சீட்டு அச்சிட்டு, வேட்பாளரின் பெயருக்குக் கீழே ‘மீண்டும் வேட்புமனு கோருக’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரி வென்றால் மனுக்கோரல் திரும்பத் தொடங்கும். மனுப் போடவிடாமல் மற்றவர்களை மிரட்டும் இடங்களில் இந்த வரி மிகவும் பெறுமதியானது.

கேள்வி: மூன்று பேர் போட்டியிட்டால் பாதிக்கும் குறைந்த வாக்கோடு ஒருவர் வென்றுவிடுகிறாரே?
– மாணவன், அக்கரைப்பற்று

பதில்: விருப்பத்தெரிவு முறையை எடுங்கள். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இடுவது நமக்குப் பழக்கம்தான். 2024இல் முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களையும் எண்ண வேண்டி வந்தது. 400 வாக்குகளில் முதலாமவருக்கு 170, இரண்டாமவருக்கு 130, மூன்றாமவருக்கு 100 என்றால் யாருக்கும் பாதி இல்லை. மூன்றாமவரை விலக்கி, அவருடைய 100 சீட்டுகளிலுள்ள இரண்டாம் விருப்பத்தைப் பாருங்கள். 15 முதலாமவருக்கும் 75 இரண்டாமவருக்கும் போய், 10இல் ஒன்றும் குறிக்கப்படவில்லை என்றால் 185க்கு 205, இரண்டாமவர் வெற்றி.

புள்ளடி ஒன்றை மட்டும் இட்ட சீட்டை முதல் விருப்பமாக ஏற்பதா, இரண்டு இடத்தில் 1 இட்டால் நிராகரிப்பதா என்று முன்னரே முடிவெடுத்து, மாதிரிச் சீட்டோடு ஒட்டுங்கள். எண்ணி முடிந்ததும் சீட்டுகளை வகை வகையாகக் கட்டி முத்திரையிட்டு, ஆட்சேபக் காலம் முடியும்வரை தேர்தலில் சம்பந்தப்படாத விரிவுரையாளர் ஒருவரின் அலுமாரியில் பூட்டி வையுங்கள். மீள எண்ணக் கேட்டால் எல்லா வேட்பாளரின் முகவர்களும் இருக்கும்போதே கட்டை அவிழ்க்க வேண்டும்.