திரைக்குப் பின்னே: மூன்று ஊருக்கு ஒரு மூங்கில்

சிங்கப்பூரில் ஏப்ரல் தமிழ்மொழி விழா நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி பள்ளி நாடகம் பற்றித்தான் இருக்கும். இம்மாதம் முழுக்க அதற்கே.

அண்ணா, தொடக்கநிலை 5 பிள்ளைகள் 14 பேரை வைத்து இருபது நிமிட நாடகம் போடுகிறோம். ஒரு தாத்தாவின் கதை. முதல் காட்சி 1960களின் கம்பத்து (கிராமத்து) வீடு, அடுத்தது லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை, கடைசியாக இன்றைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. எங்களுக்குக் கிடைத்திருப்பது பல்நோக்கு அறையில் உள்ள சின்ன மேடை: அகலம் 5 மீட்டர், ஆழம் இரண்டரை. பள்ளி ஒதுக்கியது 150 வெள்ளி (டாலர்). மூன்று காட்சிக்கும் மூன்று பெரிய பேனர் அச்சடித்துவிடலாமா?
– தமிழாசிரியை, செங்காங்

பேனர் வேண்டாம் டீச்சர். அந்த வழவழப்பில் விளக்கு பட்டால் பளபளவென்று கண்ணைக் கூசும். சுருட்டி எடுத்து வந்த மடிப்பு கடைசிவரை போகாது. காட்சிக்குக் காட்சி அதை இறக்கி ஏற்ற இரண்டு பெரியவர்கள் வேண்டும். அவர்கள் இருட்டில் தடுமாறும் நேரத்தில் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தத்ரூபமான தேக்கா புகைப்படத்தின் முன்னால் நிற்கும் பிள்ளை, பயண முகவர் கடை வாசலில் யாருக்கோ காத்திருப்பதுபோல் தெரியும்.

முதலில் அளவு நாடாவை எடுங்கள். ஆழம் 2.5 மீட்டர். பிள்ளைகள் நடமாட முன்பக்கம் ஒன்றரை மீட்டராவது வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒருவர் வசனம் பேசும்போது இன்னொருவர் அவரைத் தாண்டிப் போக முடியாது. பின்சுவரை ஒட்டி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மறைவாகப் போக 60 சென்டிமீட்டர். மிச்சம் 40 சென்டிமீட்டர். உங்கள் கம்பத்து வீடு, சந்தை, அடுக்குமாடி புளோக் மூன்றும் இதற்குள்தான் நிற்க வேண்டும். வகுப்பறைத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி இந்தக் கோடுகளை இன்றைக்கே போடுங்கள். ஒத்திகை முதல் நாளிலிருந்தே அந்தக் கோட்டுக்குள் நடக்கட்டும். அகலமான இடத்தில் பழகிய பிள்ளைகளைக் கடைசி வாரத்தில் சின்ன மேடைக்குக் கொண்டுபோனால் முட்டிக்கொள்வார்கள்.

பின்னால் விட்ட அந்த 60-ஐ மறைக்க ஒரு துணி. கறுப்பு என்று உடனே சொல்வீர்கள். கறுப்புத் துணிக்கு முன்னால் கறுப்பு முடி காணாமல் போய்விடும், முகங்கள் மட்டும் மிதக்கும். சாம்பல் கலந்த நீலம் வாங்குங்கள். பருத்தியே போதும், மினுமினுப்பு கூடாது. அரபு ஸ்திரீட்டிலோ தேக்கா பக்கமோ மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். சுவரில் ஆணி அடிக்கப் பள்ளி விடாது. உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள், வலைப்பந்துக் கம்பம் இரண்டு இருக்கும். கூரை உயரம் இடம் கொடுத்தால் அவற்றை நிறுத்தி, வளையத்துக்குக் கீழே, தரையிலிருந்து இரண்டேகால் மீட்டர் உயரத்தில் கயிறு கட்டுங்கள். துணியின் கனம் கம்பங்களை உள்பக்கம் இழுக்கும். அடிப்பீடத்தின் மேல் 5 கிலோ அரிசிப் பைகளை அடுக்குங்கள். (நாடகம் முடிந்ததும் அந்த அரிசி யார் வீட்டுக்குப் போகிறது என்பதில் ஒரு தனி நாடகம் நடக்கும், அது உங்கள் பொறுப்பு.)

இனி மூன்று ஊர். ஒரே ஒரு மூங்கில் கழி வாங்குங்கள். நம் வீட்டு ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடுகிறோமே, அதேதான். அக்கம்பக்கத்து வன்பொருள் கடையிலேயே கிடைக்கும், சில வெள்ளிதான். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

முதல் காட்சியில் கழி தலைக்கு மேலே இருக்கும், அதிலிருந்து அத்தாப்புக் கூரையின் (ஓலைக் கூரையின்) விளிம்பு தொங்கும். பழுப்புக் காகிதத்தை ஒரு சாண் அகலப் பட்டைகளாக வெட்டி, ஒருபக்கம் மட்டும் விரல் அகலத்துக்குக் கிழித்துவிடுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், கிழித்தால்தான் நீப்பா ஓலை மாதிரி ஓரம் பிசிறும். கீழ்வரிசையை முதலில் ஒட்டி, மேல்வரிசை அதன்மேல் படிவதுபோல் ஏறிக்கொண்டே போங்கள். மழைநீர் வழியக் கூரை வேய்ந்தவர்கள் செய்த முறை அது. தாத்தா அந்த விளிம்புக்குக் கீழே குனிந்து நுழையட்டும். அவர் குனிந்தால் போதும், அங்கே வீடு வந்துவிடும்.

அடுத்த காட்சியில் அதே கழி பிள்ளைகளின் தோள் உயரத்துக்கு இறங்குகிறது. இப்போது அதில் பூச்சரம், ஒரு சீப்பு வாழைப்பழம், கையில் தூக்கிப் பிடிக்கும் ஒரு டாச்சிங் தராசு. கடைசிக் காட்சியில் பள்ளிச் சட்டை, தாத்தாவின் கைலி, ஒற்றைக் காலுறை. அவ்வளவுதான். இவற்றைத் தனித்தனியாகக் கட்டி அவிழ்க்க நேரமிருக்காது. காட்சிக்கு ஒன்றாக மூன்று துணிப்பட்டை தைத்து, பொருள்களை அதில் கோத்துவிடுங்கள். பட்டையின் மேல் ஓரத்தில் குளியலறைத் திரைக்குப் போடும் வளையங்களில் பெரிய அளவாகப் பார்த்து மாட்டுங்கள். கழியின் ஒரு முனையிலிருந்து மொத்தமாக உருவிவிட்டு அடுத்ததைச் செருகலாம். தாத்தா முன்னால் வந்து இரண்டு வரி பேசி முடிப்பதற்குள் ஊர் மாறிவிடும். விளக்கை அணைக்கவே வேண்டாம், மாற்றுவதைப் பார்ப்பதும் நாடகம்தான். தெருக்கூத்தில் வேடக்காரர் வரும்போது இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதை யாரும் குறையாக எண்ணியதில்லை.

கழி விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு. முனைகளில் பழைய காலுறையை இறுக்கிக் கட்டுங்கள். பிடித்திருக்கும் இருவரும் எப்போதும் பார்வையாளரைப் பார்த்தே நகர வேண்டும், கழியோடு சுற்றித் திரும்பக் கூடாது. தேவைக்கு மேல் நீளமிருந்தால் அறுத்துவிடுங்கள்.

கழி மட்டும் போதாது, பெற்றோர் படமெடுக்க ஏதாவது வண்ணமாக வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்வார், தெரியும். அதற்கு முக்கோணத் தூண் இரண்டு செய்யுங்கள். மூன்று முகம், மூன்று ஊர், சுற்றினால் காட்சி மாறும். பழைய கிரேக்க அரங்கில் இருந்த உத்தி இது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். முகம் 60 சென்டிமீட்டர் அகலம் என்றால் சுற்றுவதற்கு 70 வேண்டும். அந்த 40-க்குள் அடங்காது. ஆகவே நடுவில் வைக்காதீர்கள், இடம் வலம் என்று மேடையின் இரு ஓரத்துக்கும் தள்ளுங்கள். நடுவில் மூன்றரை மீட்டர் மிஞ்சும், பிள்ளைகள் தூணுக்குப் பின்னால் மறைந்து நிற்கவும் வசதி.

தூணுக்குப் பலகை வாங்க வேண்டாம். மின்பொருள் கடையில் குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அப்புறப்படுத்துவது அவர்களுக்கு வேலை. அட்டைக்குள் ஓடும் நெளிவரி மேலிருந்து கீழாக இருக்கும்படி வெட்டுங்கள், படுக்கையாக இருந்தால் நடுவில் மடியும். ஒரு பக்கம் மட்டும் சாயம் அடித்தால் காய்ந்ததும் வளையும், உள்பக்கமும் ஒரு பூச்சு கொடுங்கள். மங்கலான எமல்ஷன் சாயம், ரோலர். உயரம் 1.8 மீட்டருக்குமேல் போக வேண்டாம், அறைக் கதவில் நிமிர்ந்தபடியே நுழைய வேண்டும். கம்பத்து வீட்டுக்குப் பலகைச் சுவர், சந்தைக்கு ஒரு கடைப் பலகை, புளோக்குக்கு இரும்புக் கிராதிக் கதவும் வீட்டு எண்ணும். கடைசி வரிசையிலிருந்து தெரியாத எதையும் வரையாதீர்கள். செங்கல் செங்கலாக வரைந்து பிள்ளைகளின் மூன்று மதியங்களைத் தீர்க்கும் ஆசிரியர்கள் உண்டு.

காசைப் பொறுத்தவரை, துணிக்கும் சாயத்துக்கும்தான் பெரும்பங்கு போகும். 50 வெள்ளியை மேடை ஒத்திகை முடியும்வரை தொடாதீர்கள். எது உடையும், எது போதாது என்று அன்றைக்குத்தான் தெரியும். கம்பத்து வீட்டு விளக்கு பேட்டரியில் எரியட்டும், தீ வேண்டாம். துணியோ தூணோ அவசரக் கதவை மறைத்தால் இடத்தைத்தான் மாற்ற வேண்டும், கதவை முடியாது.

மகள் பள்ளியில் புரொஜெக்டரில் படம் காட்டிப் பின்னணி செய்யப் போகிறார்களாம். செலவே இல்லை என்கிறார்கள். சரிதானே சார்?
– ஒரு தந்தை, ஜூரோங் வெஸ்ட்

செலவில்லை, நிழல் உண்டு. வகுப்பறைப் புரொஜெக்டர் முன்னாலிருந்து அடிக்கும். நடிப்பவர் நெற்றியில் பாதிக் கோபுரமும் சட்டையில் மீதியும் விழும், பின்சுவரில் அவருடைய கறுப்பு உருவம். முகம் தெரிய விளக்கைக் கூட்டினால் படம் வெளுத்துப்போகும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொன்ன கையோடு, தூண் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்ததையும் இளங்கோ சொல்கிறார். விளக்கு எங்கிருந்து வருகிறது என்பது அன்றைக்கே அவ்வளவு பெரிய விஷயம். உங்கள் மகளின் ஆசிரியருக்குப் படம்தான் வேண்டுமென்றால், திரையை ஓரத்துக்கு நகர்த்தி, காட்சி தொடங்கும்போது சில விநாடி காட்டிவிட்டு அணைத்துவிடச் சொல்லுங்கள்.

அண்ணே, நாங்கள் உயர்நிலை 2. ராஜா கதை போடுகிறோம். சிம்மாசனம் பாலர் பள்ளி அலங்காரம் மாதிரி தெரியாமல் இருக்க என்ன செய்வது? தங்க ஸ்பிரே வாங்கிவிட்டோம்.
– மாணவர்கள், புக்கிட் பாத்தோக்

ஸ்பிரேயைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள் தம்பி. முழுக்கத் தங்கம் அடித்தால் விளக்கில் அது மஞ்சள் பிளாஸ்டிக்தான். கைப்பிடியுள்ள பழைய மரநாற்காலி ஒன்றை பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடமோ புளோக்குக்குக் கீழே யாராவது கழித்துப்போட்ட இடத்திலோ பாருங்கள். ஆடாமல் நிற்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு எடுங்கள். அடர்பழுப்பு அடித்துக் காயவிட்டு, தங்கச் சாயத்தில் தூரிகையை லேசாக நனைத்து, காகிதத்தில் தேய்த்து ஏறக்குறைய உலர்ந்த பிறகு, மேடான இடங்களில் மட்டும் தடவுங்கள். பள்ளங்கள் இருண்டே இருக்கட்டும். ஸ்பிரேதான் என்றால் வெட்டவெளியில், முகக்கவசத்தோடு.

அடுத்தது செலவில்லாதது. அந்த நாற்காலியில் ராஜாவைத் தவிர யாரும் உட்காரக் கூடாது, சாயக் கூடாது, அதன் முன்னால் குறுக்கே போகக் கூடாது. மந்திரி சுற்றிக்கொண்டு போகட்டும். அதன்பிறகு அது ஸ்டூலாக இருந்தாலும் சிம்மாசனம்தான். ஒத்திகை இடைவேளையில் அதில் உட்கார்ந்து பரோட்டா தின்பவனுக்கு வேடம் போய்விடும் என்று அறிவித்துவிடுங்கள்.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பேரப்பிள்ளைகள் சின்ன நாடகம் போட ஆசைப்படுகிறார்கள். அட்டையெல்லாம் காற்றில் விழுந்துவிடுகிறது தம்பி.
– ஒரு பாட்டி, தோ பாயோ

அங்கே அட்டையே வேண்டாம்மா. இரண்டு தூண்களுக்கு இடையில் உங்கள் பழைய பருத்திச் சேலையைக் கட்டுங்கள், மேலே மட்டும் முடிச்சு, கீழே தளர்வாக. காற்று வந்தால் ஆடிவிட்டு நிற்கும். தூணைச் சுற்றிக் கயிறுதான், ஒட்டுநாடா வேண்டாம், சாயம் உரியும். பிள்ளைகள் சுவர்ப்பக்கம் நிற்கட்டும். சாலைப்பக்கம் நின்று பேசினால் குரல் பஸ்ஸோடு போய்விடும். நகர மன்றத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடச் சொல்லுங்கள், அன்றைக்கு அதே இடத்தில் வேறு யாருக்காவது கல்யாணம் இருக்கலாம்.