பாம்பெய்க்கு ஒரு நாள்: மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இத்தாலியின் நேப்பிள்ஸில் தொல்லியல் படித்த நாட்களில், எரிமலை வெடித்துப் புதைந்த பழைய ரோமானிய நகரமான பாம்பெயின் இடிபாடுகளுக்குள் எத்தனை முறை நடந்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

அக்கா, ரோமில் படிக்கிறேன். காலையில் போய் இரவுக்குள் திரும்ப முடியுமா?

முடியும். அதிவேக ரயிலில் நேப்பிள்ஸ் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். அங்கே சொரெண்டோ போகும் உள்ளூர் ரயிலுக்கு மாறி, 'பொம்பெய் ஸ்காவி' நிலையத்தில் இறங்குங்கள். வாசல் எதிரிலேயே இருக்கிறது. 2024 நவம்பர் முதல் டிக்கெட்டில் பெயர் இருக்கும், ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. அதனால் முன்பதிவும் அடையாள அட்டையும் அவசியம்.

மாணவர் சலுகை உண்டா?

18 முதல் 25 வயது வரையிலான சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கானது. கல்லூரி அட்டையை நீட்டிப் பயனில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். கூட்டமும் அதற்கேற்ப இருக்கும்.

ஐந்து மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

முழு நகரத்தையும் பார்க்க நினைக்காதீர்கள். அது 66 ஹெக்டேர், மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள். முதல் ஒரு மணி நேரம் எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல் தெருவில் நடங்கள். கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடம் விரல் இறங்கும் ஆழத்துக்கு இருக்கும். சாக்கடை நீரில் கால் படாமல் கடக்கக் குறுக்கே உயரமான கற்கள். சக்கரம் போக அவற்றுக்கிடையே இடைவெளி. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றன் அருகே நின்று அதன் விளிம்பைப் பாருங்கள். குழாயில் வாய் வைத்துக் குடிக்கக் குனிந்தவர்கள் கை ஊன்றி ஊன்றி, அந்த இடத்தில் கல் குழிந்திருக்கிறது. அந்தக் குழிவை முதன்முதலாகக் கண்ட அன்று நான் வேறெதையும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு ரொட்டிக் கடைக்குப் போய் மாவு அரைத்த எரிமலைக்கல் திரிகைகளைப் பாருங்கள். மொடெஸ்டஸ் என்பவருடையதாகச் சொல்லப்படும் கடையின் அடுப்பில் கருகிய ரொட்டிகள் 81 கிடைத்தன. கடைசியாக, வடமேற்கே மதிலுக்கு வெளியே இருக்கும் மர்மங்களின் மாளிகை. சிவப்புப் பின்னணி ஓவியங்களை நிதானமாகப் பாருங்கள். எந்தச் சுவரிலும் சாயாதீர்கள், தொடாதீர்கள்.

லாவா வந்து மூடியதுதானே?

இல்லை. கி.பி. 79இல் அருகிலுள்ள வெசுவியஸ் எரிமலையிலிருந்து முதலில் மணிக்கணக்காக நுரைக்கல் மழை பெய்தது, பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. பிறகு சுடுவாயுவும் சாம்பலும் கலந்த வெள்ளம் வந்தது.

கல்லாகிப் போன மனிதர்களைப் பார்க்கலாமா?

அவர்கள் கல்லாகவில்லை. சாம்பல் இறுகி, உடல் அழுகிய இடம் வெற்றிடமானது. 1863இல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி அந்த வெற்றிடங்களில் ஜிப்சம் சாந்து ஊற்றி உருவங்களை வார்த்தெடுத்தார். உள்ளே எலும்புகள் இருக்கின்றன, எனவே அவர்கள் முன் நின்று சிரித்துப் படம் எடுக்காதீர்கள். தாயும் குழந்தையும் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட ஓர் இணையில், பெரியவர் ஆண், குழந்தைக்கு உறவும் அல்ல என்று 2024இல் மரபணு ஆய்வு காட்டியது.

அதே நாளில் எரிமலையும் ஏறலாமா?

வேண்டாம். அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

லாவா ஓட்டத்தின் தடம் எங்கே தெரியும்?

மேலே எழுதியிருக்கிறேன். லாவா அல்ல.

நினைவுக்கு ஒரு சிறு கல் எடுத்து வரலாமா?

கூடாது. அது திருட்டு. எடுத்துப் போனவர்கள் மன்னிப்புக் கடிதத்தோடு அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள்.

பாம்பெயில் கிடைத்த லட்சுமி சிலை தமிழ்நாட்டிலிருந்து போனதுதானே?

1938இல் ஒரு வீட்டில் கிடைத்த தந்தச் சிலை, ஏறக்குறைய 25 செ.மீ. உயரம். லட்சுமியா யட்சியா என்பதே விவாதத்தில் இருக்கிறது. அடிப்பகுதியில் கரோஷ்டி எழுத்து இருக்கிறது, அது வடமேற்கு இந்தியாவின் எழுத்து. ஒத்த உருவங்கள் மகாராஷ்டிரத்தின் போகர்தனிலும் தேரிலும் கிடைத்தன. தமிழ்நாடு என்பதற்குச் சான்றில்லை.

தந்தம் சேரர் துறைமுகமான முசிறியிலிருந்துதானே ஏற்றுமதியானது? ஏன் தமிழரின் பங்கை மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை. வியன்னாவில் இருக்கும் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடு ஒன்று, ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்கில் தந்தத்தையும் கணக்கிடுகிறது. முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தமும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்கள்) பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப் போனதை அகநானூறு 149 சொல்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இத்தனை உறுதியான சான்றுகள் நம்மிடம் இருக்கும்போது, வேறு எழுத்து பொறித்த ஒரு சிலையை எதற்காக உரிமை கோர வேண்டும்? தந்தம் எந்தத் துறைமுகம் வழியாகப் போனது என்பது ஒரு கேள்வி, சிலை எங்கே செதுக்கப்பட்டது என்பது வேறு கேள்வி.

அந்தச் சிலையைப் பாம்பெயில் எங்கே பார்க்கலாம்?

பாம்பெயில் இல்லை, நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரு பக்கமும் நிற்கும் சின்னஞ்சிறு பணிப்பெண்களையும், உச்சந்தலையிலிருந்து கீழ்நோக்கித் துளைத்த துவாரத்தையும் கவனியுங்கள். ஏதோ ஒரு பொருளின் பகுதியாக அது இருந்திருக்க வேண்டும். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.