இங்கிலாந்தில் பகுதி நேர வேலை: கல்விக் கட்டணத்தைக் கட்ட முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. முதல் தவணையை மட்டும் கட்டிவிட்டால், மீதிக் கட்டணத்தை அங்கே வேலை பார்த்தே கட்டிவிடலாம் என்கிறார் திருவனந்தபுரத்தில் உள்ள ஏஜென்ட். விசாவுக்காக வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணத்தையும் அவரே ஏற்பாடு செய்து தருவாராம். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்ற வரம்பை அங்கே யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை என்றும் சொல்கிறார். நம்பலாமா? – ஒரு தந்தை, மார்த்தாண்டம்.

பதில்: நம்ப வேண்டாம். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2025 ஏப்ரலில் அங்கே 21 வயது நிறைந்தவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். வாரம் 20 மணி நேரம் உழைத்தால் 244 பவுண்ட் கிடைக்கும். ஆண்டில் ஒரு வாரம்கூட விடாமல் வேலைக்குப் போய், ஒரு பென்னிகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் மொத்தம் 12,700 பவுண்டைத் தாண்டாது. வெளிநாட்டு மாணவர்களுக்கான எம்.எஸ்சி. கட்டணம் பல பல்கலைக்கழகங்களில் இதைவிட அதிகம். வாடகையும் சாப்பாடும் பஸ் செலவும் தனி. ஆகவே அந்தச் சம்பளத்தைச் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் உதவும் பணமாக மட்டுமே எண்ணிக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் கல்லூரிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களுக்குக் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள். பந்தி முடிந்ததும் கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. இங்கிலாந்தில் நிலைமை முற்றிலும் வேறு. வேலை தருபவர் உங்கள் மகளின் விசா நிபந்தனையை இணையத்தில் சரிபார்த்து, பல்கலைக்கழகத்தின் பருவத் தேதிகளுக்கும் சான்று வாங்கி வைக்க வேண்டும். சம்பளம் ஒவ்வொரு முறையும் வரித்துறையின் பதிவுக்குப் போகிறது. ‘யாரும் பார்ப்பதில்லை’ என்று சொல்பவர் உங்கள் மகளின் விசாவைத்தான் பணயம் வைக்கிறார். வரம்பை மீறினால் விசா ரத்தாகலாம், பின்னால் போடும் விண்ணப்பங்களும் அடிபடலாம்.

அந்த வரம்பை எண்ணும் முறையில்தான் நல்ல பிள்ளைகளும் தவறிவிடுகிறார்கள். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 10 மணி நேரம்தானே பார்த்தேன், அடுத்த வாரம் 30 பார்க்கிறேன் என்று சராசரி போட முடியாது. இரண்டு இடங்களில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டியே எண்ண வேண்டும். கேரளத்திலிருந்து போகும் மாணவர்கள் பலர் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் சேர்கிறார்கள்; அங்கே பெரும்பாலும் 12 மணி நேர ஷிஃப்ட். சம்பளமில்லாத இடைவேளையாக ஒரு மணி நேரம் கழித்தாலும் இரண்டு ஷிஃப்டுக்கு 22 மணி நேரம் ஆகிவிடும், வரம்பு போய்விடும். ஞாயிறு இரவு ஷிஃப்டில் நள்ளிரவுக்குப் பிந்தைய மணிகள் அடுத்த வாரக் கணக்கில் சேரும் என்பதையும் மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

விடுமுறையில் முழு நேரம் வேலை பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஓராண்டு எம்.எஸ்சி.யில் ஆய்வேடு எழுதும் கோடை மாதங்கள் பொதுவாகப் படிப்புக் காலமாகவே கருதப்படுகின்றன. எது விடுமுறை என்பதைப் பல்கலைக்கழகத்தின் தேதிகள்தான் முடிவு செய்யும். உணவு டெலிவரி வேலை சுயதொழிலாகக் கருதப்படுவதால் மாணவர் விசாவில் அதற்கு அனுமதி இல்லை. வேறொருவரின் டெலிவரி ஆப் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து. நாட்டுக்கு நாடு விதி மாறும்: கனடாவில் பருவ நாட்களில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48, ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள். தெரிந்தவர் பிள்ளை வேறு நாட்டில் செய்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்த 28 நாள் பணம். விசா விண்ணப்பத்தில் எதிர்காலப் பகுதி நேரச் சம்பளத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம், அதை நம்பி யாரும் வரக்கூடாது என்பதுதான். வட்டிக்கு வாங்கிக் காட்டிய பணம் விசா வந்ததும் திரும்பிப் போய்விட்டால், வாடகை முன்பணத்துக்கே வழியில்லாமல் உங்கள் மகள் அங்கே போய் இறங்குவார். இரண்டாம் தவணை தவறினால் பல்கலைக்கழகம் அவரைப் படிப்பிலிருந்து நீக்கலாம். நீக்கினால் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கும் முன், தவணைத் தேதிகளையும் கோடைக்காலம் பருவமா விடுமுறையா என்பதையும் பல்கலைக்கழகத்துக்கே உங்கள் மகள் மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கட்டும். கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால், படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். முழுக் கட்டணமும், வேலை கிடைக்கும் வரை குறைந்தது மூன்று மாதச் செலவும் கையில் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால், அடுத்த ஆண்டு சேர அனுமதி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம். பல பல்கலைக்கழகங்கள் அதற்கு இடம் தருகின்றன.