சில்கி கோழி: இனப்பெருக்கத்துக்கு எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

கேள்வி: பஞ்சு போன்ற இறகுக்குப் பேர்போன சில்கி இனக் கோழியில், வெள்ளை நிறத்தில் ஒரு சேவலும் ஐந்து பெட்டைகளும் வைத்திருக்கிறேன். குஞ்சு பொரித்து விற்க ஆசை. எல்லாமே பஞ்சு போலத்தான் இருக்கின்றன. தரத்தை எதை வைத்துப் பார்ப்பது?

பதில்: இறகின் மென்மையை மட்டும் நம்பாதீர்கள். அது ஒடுங்கு பண்பு. சாதாரணக் கோழியோடு சில்கியைச் சேர்த்தால் முதல் தலைமுறையில் மறைந்துகொள்ளும். அந்தக் குஞ்சுகளை மறுபடி சில்கியோடு சேர்த்தால் ஏறக்குறைய பாதிக் குஞ்சுகளில் திரும்ப வந்துவிடும். ஆகவே கலப்புக் கோழியும் பார்வைக்குச் சில்கியாகவே நிற்கும். ஏழெட்டு மாதம் ஆனதும் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

முதலில் கால். ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல் வேண்டும். முன்னே மூன்றும் பின்னே ஒன்றும் தரையில் பதியும். ஐந்தாவது அதற்கு மேலே தனியாகப் பிரிந்து, மேல்நோக்கி வளைந்து, தரையைத் தொடாமல் நிற்க வேண்டும். அடியில் ஒட்டிய விரல், ஒரே விரலில் இரட்டை நகம், ஒரு காலில் ஐந்தும் மறு காலில் நான்கும், ஆறாவது விரல் எல்லாமே குறைதான். காலின் வெளிப்பக்கத்திலும் நடுவிரலிலும் இறகு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து தோல். மார்பு இறகை ஊதி விலக்குங்கள், இறக்கையின் அடியையும் பாருங்கள். கருநீலமாக இருக்க வேண்டும். வெளிறியோ சிவந்தோ இருந்தால் ஒதுக்குங்கள். கொண்டை கருஞ்சிவப்பாக, உருண்டு, மேடுபள்ளமாக இருக்கும். வாள் போல பற்கள் நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒதுக்குங்கள். காதுமடல் பச்சை கலந்த நீலத்தில் இருந்தால் சிறப்பு.

பலர் பார்க்கத் தவறுவது இறக்கை. அதை முழுக்க விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிப்பக்க நீள இறகுகளுக்கும் உட்பக்க இறகுகளுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அது பிளவு இறக்கை. சில்கியில் அடிக்கடி வரும், வம்சத்தில் இறங்கும். மடக்கி வைத்திருக்கும்போது கண்ணுக்கே தெரியாது என்பதால்தான் கூட்டம் முழுக்கப் பரவுகிறது. மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் இந்தக் கோழியை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். வளர்ப்புக் கோழியாகக் கொடுத்துவிடலாம்.

வெள்ளை இறகில் மேலே லேசான மஞ்சள் ஏறியிருந்தால் வெயிலாகவும் இருக்கலாம். அதற்காக அவசரப்பட்டுக் கழிக்க வேண்டாம், அடுத்த இறகுதிர்வு வரை பொறுங்கள்.

கேள்வி: பெற்றோர் இரண்டுக்கும் ஐந்து விரல். ஆனால் சில குஞ்சுகளுக்கு நான்குதான். குறை சேவலிடமா?

பதில்: பெரும்பாலும் இரண்டிடமும் இருக்கும். ஐந்து விரல் ஓங்கு பண்பு, ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும். அதனால் நான்கு விரலுக்கான மரபணு வெளியே தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்க முடியும். எந்தப் பெட்டை என்று கண்டுபிடிக்க, சேவலோடு ஒரு நேரத்தில் ஒரு பெட்டையை மட்டும் விட்டு, முட்டையில் பென்சிலால் எண் போட்டுத் தனித்தனியே பொரியுங்கள். பொரித்த அன்றே விரலை எண்ணிவிடலாம். தோல் நிறமும் தெரிந்துவிடும். சேவலை மாற்றினால் அடுத்த மூன்று வாரம் இடும் முட்டைகளை அடைக்கு வைக்காதீர்கள். பழைய சேவலின் விந்து அதுவரை பெட்டையின் உடலில் தங்கியிருக்கும், குஞ்சு யாருடையது என்று சொல்ல முடியாது.

முட்டை கருப்பிடிக்காமல் போனால் சேவலைக் குறை சொல்வதற்கு முன், எச்சத்துவாரத்தைச் சுற்றி, இணைசேர இடைஞ்சலாக உள்ள இறகைச் சேவல், பெட்டை இரண்டுக்கும் கத்தரித்துவிட்டுப் பாருங்கள். கண்ணை மறைக்கும் குடுமியையும், அதாவது தலையில் உள்ள இறகுக் கொத்தையும், ஒதுக்கிக் கட்டுங்கள்.

கேள்வி: இரண்டு மாதக் குஞ்சுகளை ஜோடியாக விற்கலாமா?

பதில்: வேண்டாம். சில்கியில் ஆண், பெண் தெளிய ஐந்தாறு மாதம் ஆகும். சேவலின் குடுமியில் நீள இழைகள் பின்னோக்கிச் சாயும், கொண்டையும் அகலமாகும்; பெட்டையின் குடுமி உருண்டையாக நிற்கும். அதற்கு முன் விற்பதானால் ஆண், பெண் பிரிக்காத குஞ்சு என்றே சொல்லி விற்றுவிடுங்கள். உச்சந்தலையில் புடைப்புள்ள குஞ்சு இருந்தால் அதையும் வாங்குபவரிடம் சொல்லுங்கள். அந்த இடத்தில் மண்டை ஓடு முழுதாக மூடியிருக்காது, மற்ற கோழி ஒரு கொத்து கொத்தினாலும் மூளை பாதித்துக் கழுத்து திருகிக்கொள்ளலாம்.