கேள்வி பதில்: லிங்க்ட்இனுக்கு எந்தப் போட்டோ?

(லிங்க்ட்இன் போன்ற வேலை தேடும் தளங்களில் வைக்கும் படம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அப்பா தொடங்கிய போட்டோ ஸ்டுடியோவைக் கோவையில் நடத்திவரும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.)

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று லிங்க்ட்இனில் கணக்குத் தொடங்கி, அக்கா கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டிப் போட்டிருந்தேன். ‘பட்டுப்புடவை, மல்லிகைப்பூவோட இருந்தா யார் வேலை தருவாங்க?’ என்று தோழி கேட்டாள். ஸ்டுடியோவுக்குப் போனால் நீலப் பின்னணியில் பாஸ்போர்ட் சைஸ் எடுத்து, முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்தார்கள். பார்த்தால் எனக்கே என்னைத் தெரியவில்லை. படம் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?
– வாசகி, திருப்பூர்

முக்கியம்தான் கண்ணு. ஆனால் உங்கள் தோழி சொல்கிற காரணத்துக்காக இல்லை.

வேலை கொடுக்கப் போகிறவர் உங்கள் படத்தை முதலில் எங்கே பார்க்கிறார்? ப்ரொஃபைலைத் திறந்து நிதானமாகப் பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் கைபேசியில், தேடல் பட்டியலில், நீங்கள் எங்கோ போட்ட கமெண்டின் ஓரத்தில், ஒரு சட்டைப் பொத்தான் அளவு வட்டத்துக்குள் பார்க்கிறார். கல்யாணப் படத்தில் பூவும் பட்டும் தப்பில்லை. அந்த அளவுக்குச் சுருங்கினால் ஜரிகையும் மண்டப விளக்கும்தான் தெரியும், கண் தெரியாது. பக்கத்தில் நின்ற சித்தியின் தோள்பட்டை வேறு எட்டிப் பார்க்கும். தினமும் பூ வைத்துக்கொண்டு ஆபீஸ் போகிறவர் என்றால் தாராளமாகப் பூவோடே எடுங்கள்.

2006-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடோரோவ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, ‘இவரை நம்பலாம்’, ‘இவர் திறமைசாலி’ என்று ஆட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்தால் முடிவு பெரிதாக மாறுவதில்லை, அதில் பிடிவாதம்தான் கூடுகிறது. அந்த முடிவு சரியானதா என்றால், அதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அதே டொடோரோவ் 2014-இல் இன்னொரு ஆய்வில், ஒரே ஆளின் வெவ்வேறு படங்களைக் காட்டினால் வெவ்வேறு அபிப்பிராயம் வருகிறது என்று காட்டினார். ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாற்காலி, ஒரே சட்டை, ஒரே ஆள். ஒரு படத்தில் கோபக்காரர், அடுத்ததில் பரம சாது.

பாஸ்போர்ட் படத்தின் வேலையே வேறு. அதிகாரி உங்களை அடையாளம் சரிபார்க்க வேண்டும். அதனால் முகம் நேராக இருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது, நிழல் விழக் கூடாது. நிழல் விழாமல் இருக்க இரண்டு பக்கமும் சமமாக விளக்கு வைப்போம். நிழலே இல்லாத முகத்தில் மூக்கும் கன்னமும் தட்டையாகிப் போகும். அது அரசாங்கத்துக்கு. உங்களிடம் சரக்கு வாங்கும் பையருக்கும், ஆள் எடுக்கும் எச்.ஆருக்கும் அது வேண்டாம்.

ஸ்டுடியோ கட்டாயம் இல்லை. வீட்டிலேயே எடுக்கலாம். காலையில் நேர் வெயில் விழாத ஜன்னல் அல்லது வாசல் பக்கம் உட்காருங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், வெளியிலிருந்து வரும் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் பச்சையடிக்கும். முகத்தை ஜன்னலுக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்துத் திருப்பினால் ஒரு கன்னத்தில் மெல்லிய நிழல் விழும். அதுதான் முகத்துக்கு உருவம் கொடுக்கிறது. பின்னால் சுவருக்கும் உங்களுக்கும் நாலடியாவது இடைவெளி விடுங்கள்.

செல்ஃபி வேண்டவே வேண்டாம். ஓர் அடி தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு, ஐந்தடி தூரத்தில் எடுப்பதைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ‘செல்ஃபியில் என் மூக்கு பெருசா இருக்கு, சரி பண்ணுங்க’ என்று ஆபரேஷனுக்கு வருகிறவர்களைப் பார்த்துத்தான் அந்தக் கணக்கே போட்டார்கள். தம்பியையோ தோழியையோ ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லி, 2எக்ஸ் ஜூம் வைத்துப் பின் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள். கேமரா உங்கள் கண் உயரத்தில் இருக்கட்டும். முகத்தை வழவழப்பாக்கும் பியூட்டி மோட் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல கைபேசிகளில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

உடுப்பு, பையர் மீட்டிங்குக்கு எதைப் போட்டுக்கொண்டு போவீர்களோ அதுவே. சுடிதாரோ காட்டன் புடவையோ எதுவும் சரி. பட்டு மட்டும் விளக்கை வாங்கித் திருப்பி அடிக்கும்.

அப்புறம் சிரிப்பு. ‘சிரிங்க’ என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, பல்லைத்தான் காட்டுகிறார்கள். நான் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் வேலையைப் பற்றிக் கேட்பேன். உங்களைப் போன்ற மெர்ச்சண்டைசர் வந்தால், ‘ஷிப்மென்ட்டுக்கு முந்தின நாள் எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் போதும். முதலில் பெருமூச்சு வரும், அப்புறம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில், வாய் மூடிக் கண்ணில் மட்டும் மிச்சம் இருக்கும்போது எடுக்க வேண்டும். உங்கள் தோழிக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

பத்து செல்ஃபி கொடுத்தால் ஏஐ செயலி கோட் சூட்டோடு படம் போட்டுத் தருகிறது. கல்லூரி நண்பர்கள் எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். நானும் வைக்கலாமா?
– பொறியியல் மாணவர், விருதுநகர்

கோட் ஒட்டுவதில் ஏஐ-க்கு நாங்கள் அண்ணன்மார், தம்பி. ஃபோட்டோஷாப் வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் கழுத்துக்குக் கீழே கோட் ஒட்டிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஸ்டுடியோக்காரர் கழுத்துக்கு மேலே உங்களை விட்டுவைத்தார். இந்தச் செயலிகள் விடுவதில்லை. காதின் வடிவம் மாறும், பல்வரிசை நேராகும், தாடை கூராகும், மச்சம் காணாமல் போகும்.

நாளைக்கு வீடியோ இன்டர்வியூவில் நீங்கள் வந்து உட்காரும்போது, எதிரில் இருப்பவர் உங்கள் பதிலைக் கேட்பாரா, படத்தில் இருந்தது இந்தப் பையன்தானா என்று பார்ப்பாரா? ஆள்மாறாட்டம் செய்து இன்டர்வியூ கொடுப்பவர்களைப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். லிங்க்ட்இனில் கம்ப்யூட்டர் உருவாக்கிய முகத்தோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் இருப்பதை 2022-இலேயே ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வழவழ முகத்தைப் பார்த்தாலே சந்தேகம் வருகிற காலம். பின்னணியில் தொங்கும் துணியை அழிக்க ஏஐ-யைப் பயன்படுத்துங்கள், முகத்தை அதனிடம் கொடுக்காதீர்கள். இஸ்திரி போட்ட சட்டை போதும். முதல் வேலை தேடும் பையனிடம் யாரும் கோட் எதிர்பார்க்கவில்லை.

நான் நல்ல கறுப்பு. படம் போட்டால் அதைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். கொஞ்சம் கலர் ஏற்றிப் போடலாமா, இல்லை படமே போடாமல் விடலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

அப்படி ஒதுக்குகிறவர்களே கிடையாது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ரெஸ்யூமேயில் படம் ஒட்டாமல் இருப்பதே வழக்கம். பாகுபாடு பார்த்தார்கள் என்று பேச்சு வரக் கூடாது என்பதற்காக. ஜெர்மனியில் படம் ஒட்டுவது பழைய பழக்கம். ஆனால் அங்கேயும் 2006-இல் சமத்துவச் சட்டம் வந்தபிறகு, படம் வைத்தே ஆக வேண்டும் என்று கம்பெனி கேட்க முடியாது. நீங்களும் ரெஸ்யூமே பி.டி.எஃப்-இல் படத்தை விட்டுவிடலாம், ஒரு குறையும் இல்லை. லிங்க்ட்இன் கதை வேறு. அங்கே படம் இல்லாத கணக்கைப் போலி என்று நினைத்து நகர்ந்துவிடுகிறார்கள். அங்கே போடுங்கள்.

கலர் ஏற்றாதீர்கள். எங்கள் தொழில் நெடுநாளாகச் செய்துவரும் அநியாயம் அது. அப்பா காலத்தில் நெகட்டிவ் மேலே பென்சிலால் ‘டச்’ பண்ணுவார்கள், இப்போது மவுஸை இழுத்தால் ஆயிற்று. கேட்காதவர்களுக்கும் செய்துவிடுகிறார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

உங்கள் படங்கள் சரியாக வராததற்குப் பாதிக் காரணம் நிறமே இல்லை. கோடாக் கம்பெனி 1950-களிலிருந்து படம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ‘ஷெர்லி’ அட்டை என்று ஒன்றை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் தோல் நிறம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுப்புத் தோலில் விவரம் தெரிகிறதா என்று வெகுகாலம் யாரும் கவலைப்படவில்லை. இன்றைய கைபேசி எவ்வளவோ மேல். ஆனால் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் அது இன்னும் ஏமாறும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும், உங்கள் முகம் அதில் மூழ்கிவிடும்.

அதனால் பின்னணி சாம்பலோ, மங்கலான பச்சையோ, செங்கல் சுவரோ இருக்கட்டும். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கொஞ்சம் நகர்த்துங்கள். ஃப்ளாஷ் போடாதீர்கள், நெற்றியில் எண்ணெய் வழிவதுபோல் அடிக்கும். பெரிய ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது கறுப்புத் தோலில் கன்னமேட்டிலும் மூக்குத் தண்டிலும் ஒரு பளபளப்பு ஓடும் பாருங்கள், வெளுத்த தோலில் அது அவ்வளவு அழகாக வராது. எனக்கு எடுக்கப் பிடித்த முகங்கள் அவைதான். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

படம் போட்டால் யாராவது எடுத்துத் தப்பாகப் பயன்படுத்துவார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, நாகர்கோவில்

பயத்தில் நியாயம் இருக்கிறது. லிங்க்ட்இன் செட்டிங்ஸில் உங்கள் படத்தை யார் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கலாம்: உங்கள் தொடர்பில் இருப்பவர்கள் மட்டுமா, தளத்தில் உள்ள எல்லோருமா, யார் வேண்டுமானாலுமா என்று. வேலை தேடும் மாதங்களில் ‘தளத்தில் உள்ள எல்லோரும்’ என்று வையுங்கள், வேலை கிடைத்ததும் குறைத்துக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராமில் இருக்கும் அதே படத்தை இங்கே போடாதீர்கள். படத்தை வைத்துத் தேடினால் அந்தக் கணக்கும் வந்து நிற்கும். யாராவது தப்பாகப் பயன்படுத்தினால் அழித்துவிட்டு அழாமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுங்கள்.

வங்கியிலிருந்து ஓய்வு பெறப் போகிறேன். ஆலோசகராக வேலை பார்க்க எண்ணம். தலை கறுப்பாக இருந்த பழைய படம்தான் இருக்கிறது. புதிதாக எடுக்க ஸ்டுடியோவில் என்னவென்று சொல்லிக் கேட்பது?
– வாசகர், தஞ்சாவூர்

நரைத்த தலையோடே எடுங்கள் அண்ணா. ஆலோசனைக்குக் காசு கொடுப்பவருக்கு அந்த நரை பிடிக்கும்.

கடையில் ‘பாஸ்போர்ட் சைஸ் வேண்டாம், லிங்க்ட்இனுக்கு, மார்பளவு, பின்னணி சாம்பல் நிறம்’ என்று சொல்லுங்கள். ‘டச்-அப் வேண்டாம், முகத்தில் கை வைக்காதீங்க’ என்று இரண்டு தடவை சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் காதில் ஏறாது. கண்ணாடி போடுகிறவர் என்றால் கழற்ற வேண்டாம், விளக்கைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது. பிரிண்ட் தேவையில்லை, ஃபைலை வாங்கிக்கொள்ளுங்கள். லிங்க்ட்இனுக்கு 400-க்கு 400 பிக்சலாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் பென் டிரைவைக் கையோடு கொண்டுபோங்கள்.