சுண்ணாம்பு போட்டும் கோழிக் கொட்டகையில் நெடி குறையலையா?

அண்ணாச்சி, மழைக்கு அப்புறம் மூணு வாரக் குஞ்சுக கண்ணை மூடியே நிக்கு, சுண்ணாம்பு தூவினா நெடி கூடுதுன்னு கேட்டிருந்தீங்க. கூடத்தான் செய்யும். சுண்ணாம்பு காரம், ஈரக் கூளத்துல (தரையில பரப்பின உமியும் எச்சமும்) அடங்கிக் கிடக்கிற அமோனியாவை வாயுவா கிளப்பிரும். கோழி உள்ளே இருக்கையில தயவுசெஞ்சு போடாதீங்க.

முதல்ல கொட்டகையோட பக்கவாட்டுப் படுதாவை மேல்பக்கம் ஒரு அடி இறக்கி விடுங்க, ராத்திரியும். குளிருமேன்னு இந்த ஐப்பசியில முழுசா மூடுறதுதான் பெரிய தப்பு. அமோனியா காத்தைவிட லேசு, மேல வழி இருந்தா போயிரும்.

கைப்பிடி கூளத்தை இறுக்கிப் பாருங்க. உருண்டையா நின்னா ஈரம் அதிகம். தண்ணிக்குடுவைக்கு அடியில கட்டி தட்டினதை அள்ளிட்டு காஞ்ச உமி பரப்புங்க. குடுவை விளிம்பு கோழி முதுகு மட்டத்துல இருக்கணும். கிளறும்போது படுதா முழுசா திறந்திருக்கட்டும்.

காத்துல அமோனியா 25 பிபிஎம் (பத்து லட்சத்துல 25 பங்கு) தாண்டினா கோழிக்கு மூச்சுக்குழல் கெட்டு ஈகோலைக் கிருமி தொத்தும். நம்ம மூக்கு நெடிக்குப் பழகிரும், அதை நம்பாதீங்க. குஞ்சுக்கு முகம் வீங்கினா அன்னைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க.